அழைப்பிதழில் நான் மாத்தின பேர்

ஆரணி பிள்ளை,

சுகமாயிருக்கிறியோ எண்டு கேக்கிற இடத்தில நான் இப்ப இல்லை. அது தெரிஞ்சபடியால் கேக்கேல்லை. நீ போன் எடுக்கிறேல்லை. செய்தி அனுப்பினால் பாத்த அடையாளம் விழுகுது, பதில் வருகுதில்லை. அதால உனக்குச் சொல்ல வேண்டியதை இஞ்சை டென்மார்க்கில எங்கட ஹேர்னிங் தமிழ்ச் சங்கத்தின்ர ஆண்டு மலரில எழுதிறன். எல்லாச் சனமும் வாசிக்க வேணும் எண்டுதான் எழுதிறன், ஏனெண்டால் நான் பொய் சொன்னது உன்ர வீட்டுக்கு மட்டுமில்லை. இந்த மலரைக் கையில வைச்சிருக்கிற முழுப்பேருக்கும் சொன்னனான். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில ஏத்திக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காக எண்டு நினைச்சு எழுத்துக் கூட்டி வாசி. அவசரமில்லை.

சங்கத்துச் செயலாளர் குணம் ஒவ்வொரு வருசமும் என்னட்டை வாறவர். "அண்ணை, உங்கட கட்டுரை இல்லாட்டி மலர் மலரில்லை. பம்பலா, சனம் சிரிக்கிறமாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ." நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ஹேர்னிங்கில என்னைப்போல கதை சொல்ல ஒரு ஆள் இல்லை, அதை என்ர எதிரியே ஒத்துக்கொள்ளுவான். பிறந்தநாள் விழாவோ, பூப்புனித நீராட்டோ, நான் இருக்கிற மேசையைச் சுத்தித்தான் கதிரையள் வரும். நான் வந்து இறங்கின முதல் மாரியில ஆளுயரத்துக்குப் பனி கொட்டினதும், அதுக்குள்ளால நான் சைக்கிளில வேலைக்குப் போனதும் உனக்கு மனப்பாடம். இந்த முறை உன்ர அம்மாவைப் பக்கத்தில இருத்தி, கையில சிவப்புப் பேனை குடுத்திருக்கிறன். நான் கூட்டி எழுதினால் வெட்டச் சொல்லி. இப்பவே வெட்டிப்போட்டா. பனி முழங்காலளவுதானாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனனானாம். சரி, முழங்கால்.

எங்கட தையல் துணி பக்டரிக்கு ஒரு மந்திரி வந்து, அத்தினை பேருக்குள்ள எனக்கு மட்டும் கை குடுத்த கதையும் உனக்குத் தெரியும். "வரிசையில நிண்ட எல்லாருக்கும் குடுத்தவர்" எண்டு அம்மா எழுதச் சொல்லுறா. ஓம், எல்லாருக்கும் குடுத்தவர். ஆனால் என்ர கையை மற்ற ஆக்களின்ரயை விடக் கொஞ்சம் கூட நேரம் பிடிச்சவர். இதை வெட்ட விடமாட்டன்.

இந்தப் பழக்கம் எனக்கு இஞ்சை வந்துதான் முத்தினது. வேலைக்குச் சேந்த முதல் நாள், மெஸ்டர், அதுதான் எங்கட பகுதிக்குப் பொறுப்பாயிருந்த டெனிஷ்காரர், என்ர பேரை ரெண்டு தரம் சொல்லிப் பாத்தார். மூண்டாம் தரம் சிரிச்சுக்கொண்டு "ஜொனி" எண்டார். நானும் சிரிச்சன். அண்டையில இருந்து வேலை விட்ட நாள் வரைக்கும் நான் ஜொனி. பிரியாவிடைக்கு வெட்டின கேக்கிலயும் ஜொனிதான். அதை நான் எப்பிடிச் சொல்லித் திரிஞ்சனான்? "டெனிஷ்காரர் என்னில வைச்ச பட்சத்தில எனக்கு ஒரு பேரே வைச்சவங்கள்" எண்டு. நீ மூண்டாம் வகுப்பில அப்பாவின்ர பேர் எழுதிற இடத்தில ஜொனி எண்டு எழுதிக்கொண்டு வந்தாய். நான் அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சன். அம்மா சிரிக்கேல்லை. ஏனெண்டு நான் கேக்கவுமில்லை.

அதே மெஸ்டர் ஒருநாள் எனக்குச் சொன்னார், "நீங்கள் தமிழர் மற்ற வெளிநாட்டுக்காரரைப்போல இல்லை. சத்தமில்லாம வேலை செய்யிறியள்." அதை நான் முப்பது வருசம் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிஞ்சன். நான் மட்டுமில்லை, இதை வாசிக்கிற நீங்கள் எல்லாரும்தான். ரீவியில வெளிநாட்டுக்காரரைப் பற்றி ஏதும் வந்தால், "உது எங்களைச் சொல்லேல்லை, அவங்களைத்தான்" எண்டு ஒருத்தரை ஒருத்தர் தேற்றிக்கொண்டு இருந்தம். அந்த "அவங்கள்" ஆரெண்டு ஒருநாளும் உட்காந்து யோசிக்கேல்லை. யோசிக்க வேண்டிய நாள் வந்தபோது அது என்ர போனில, சிக்காகோவில இருந்து வந்தது.

"அப்பா, நான் ஒராளைக் கலியாணம் செய்யப் போறன். பேர் யாசின். மொறொக்கோ."

"மொறொக்கோ எண்டால்?"

"எண்டால் என்ன அப்பா, ஒரு நாடு."

"நாடு தெரியும். என்ன ஆக்கள்?"

"மனிசர் அப்பா."

பேந்து சொன்னாய், கசபிளாங்காவில மின்சார வேலை படிச்சவர், லொத்தரில விசா விழுந்து அமெரிக்கா போனவர், அங்கை அந்தப் படிப்புச் செல்லாதெண்டு திரும்ப முதலில இருந்து பயிற்சி எடுக்கிறார் எண்டு. நான் "சந்தோசம் பிள்ளை" எண்டன். அது என்ர முதல் பொய்யில்லை, ஆனால் உனக்குச் சொன்ன பொய்களுக்குள்ள அதுதான் கெட்டது.

நீங்கள் ரெண்டு பேரும் அங்கை கலியாணத்தைப் பதிவு செய்தாப்பிறகு, இஞ்சை ஒரு வரவேற்பு வைக்க வேணும் எண்டு நான்தான் ஒற்றைக்காலில நிண்டனான். ஒரே ஒரு பொம்பிளைப் பிள்ளை. முந்நூறு கலியாணத்தில சாப்பிட்டிட்டு என்ர வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிடாட்டி என்ன கதை? யாசின் இஞ்சை வர விசாவுக்கு நான் பத்திரம் நிரப்பினன். அதில அவரின்ர பேர், ஊர், நாடு எல்லாம் பிழையில்லாம எழுதிக் கையெழுத்து வைச்சன். அதே கிழமைதான் அழைப்பிதழ் அடிக்கிற தம்பி வைலே எண்ட ஊரில இருந்து போன் எடுத்தார். "அண்ணை, எல்லாம் ரெடி. மாப்பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ." நான் யன்னலுக்கு வெளியால பாத்தன். பக்கத்து வீட்டுக்காரன் கார் கழுவிக்கொண்டிருந்தான். அவன் ஒரு சில்லைக் கழுவி முடிக்கிற மட்டும் அதையே பாத்துக்கொண்டு நிண்டன். பேந்து சொன்னன், "யசோதரன். பம்பாய்."

டெனிஷ் அரசாங்கத்துக்கு உண்மை எழுதினன். எங்கட ஆக்களுக்குப் பொய் அடிச்சன். எந்த நாட்டில நான் வெளிநாட்டுக்காரன் எண்டு நீயே கணக்குப் பார்.

பொய் எண்டால் அரைகுறையாச் செய்யிற ஆள் இல்லை நான். மூண்டு தலைமுறைக்கு முதல் பம்பாய்க்குப் போன தமிழ்க் குடும்பம், அதால தமிழ் கதைக்க வராது, ஆனால் கேட்டால் விளங்கும். மாப்பிள்ளையின்ர அப்பப்பா அங்கை கோயில் கட்டினவர். சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் குடும்பத்தில ஒரு மதிப்பு வந்திட்டுது. அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னன். அவ, "நீங்கள் செய்யிறது பிழை" எண்டா. "பிறகு பாப்பம்" எண்டன்.

மண்டபத்தில யாசின் பட்டு வேட்டியோட நிண்ட வடிவை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு தரம் கட்டிக் காட்டினதுதான், ரெண்டாம் தரம் தானாக் கட்டிக்கொண்டார். வந்த ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கையும் கூப்பினார். சாப்பாட்டு நேரம் அவர் இறைச்சி எடுக்கேல்லை, தன்ர முறைப்படி அறுத்ததில்லை எண்டு. செல்வி மாமி அதைக் கண்டிட்டா.

"என்ன தம்பி, மாப்பிள்ளை ஒரு துண்டு ஆட்டிறைச்சியும் தொடேல்லை?"

"சுத்த சைவம் மாமி! முட்டை கூட எடுக்க மாட்டார்."

"அட கடவுளே, எங்கட பெடியளைப் பாருங்கோ, வெள்ளிக்கிழமையும் விடாதுகள்" எண்டு மாமி உருகிப் போய் அவரின்ர வாழையிலைக்கு நாலு வடை வைச்சா. இறைச்சி எண்டால் உயிரை விடுற மனிசன், வடையும் சாம்பாறும் சாப்பிட்டுக்கொண்டு எல்லாரையும் பாத்துச் சிரிச்சார்.

பிறகு மைக்கில குணம் அழைப்பிதழைப் பாத்து வாசிச்சார்: "மணமக்கள் யசோதரன், ஆரணி!" சனம் கை தட்டிச்சுது. நீ என்னைத் திரும்பிப் பாத்தாய். அந்தப் பார்வையை நான் இண்டைவரைக்கும் ஆருக்கும் கதையாச் சொல்லேல்லை. நான் பூச்சாடியைத் திருப்பி வைக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன். யாசின் என்னட்டை வந்து தன்ர இங்கிலீசில கேட்டார், "அப்பா, என்னை என்னவெண்டு கூப்பிடினம்?" அப்பா எண்டு அவர் என்னைக் கூப்பிடத் தொடங்கி அப்ப ரெண்டு நாள். நான் அவரின்ர தோளில கை போட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன், "அது உனக்கு நான் வைச்ச தமிழ்ப் பேர். எங்கட வீட்டுக்கு வாற மருமகனுக்குக் குடுக்கிற மரியாதை."

அவரின்ர கண் கலங்கிச்சுது, பிள்ளை. மண்டபத்துக்கு வெளியால போய்த் தாய்க்குப் போன் எடுத்து, அரபியில என்னவோ சொல்லி, நடுவில அந்தப் பேரை மூண்டு தரம் உச்சரிச்சார். பிழையில்லாம.

நீ ஏன் அவருக்குச் சொல்லேல்லை எண்டு நான் அப்ப யோசிக்கேல்லை. தப்பிச்சன் எண்டுதான் நினைச்சன். அவரின்ர சந்தோசத்தைப் பாத்திட்டு உனக்கு வாய் வரேல்லை எண்டு பிறகுதான் விளங்கிச்சுது. நான் சொன்ன பொய்யை நீ ரெண்டு வருசம் உன்ர குசினியில வைச்சுக்கொண்டு சமைச்சாய், சாப்பிட்டாய்.

போன கோடையில நானும் அம்மாவும் சிக்காகோ வந்தம். இஞ்சை நான் சொல்லிப்போட்டு வந்தது, மருமகன் சொந்தமாக் கொம்பனி நடத்திறார், ஏரிக்கரையில மாடிவீடு எண்டு. நீங்கள் இருந்தது மூண்டாம் மாடியில ரெண்டு அறை. பின்பக்கம் மரப்படி. யன்னலுக்கு வெளியால பாலத்தில ரயில் போகேக்க கோப்பையள் அலுமாரிக்குள்ள கதைக்கும். ஏரி எந்தப் பக்கம் எண்டு நான் கேட்க, யாசின் சிரிச்சு, "பஸ்ஸில ஒரு மணித்தியாலம், அப்பா" எண்டார். அவர் விடிய எழும்பி கட்டட வேலைக்குப் போய், பின்னேரம் வகுப்புக்குப் போய் வருவார். வந்த புதுசில கார் கழுவிற இடத்தில ஒரு மாரி முழுக்க ஈரக்கையோட நிண்டதையும், ஒரு அறையில அஞ்சு பேர் படுத்ததையும் பகிடியாச் சொன்னார். எனக்கு அந்தப் பகிடி தெரியும். நானும் அப்பிடித்தான் சொல்றனான். அவர் மட்டும் ஒண்டையும் கூட்டிச் சொல்லேல்லை.

குளிர்ப்பெட்டியில எங்கட அழைப்பிதழ் ஒரு காந்தத்தால ஒட்டியிருந்தது. வாசலில அவரின்ர வேலைத் தலைக்கவசம் தொங்கிச்சுது. வெள்ளை நிறம். முன்பக்கம் கறுப்பு மையால தமிழ் எழுத்து. யசோதரன். அழைப்பிதழைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சிருக்கிறார். முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். சிக்காகோவில ஒரு கட்டடத்தின்ர இருபதாம் மாடியில ஒரு மொறொக்கோப் பெடியன் என்ர பொய்யைத் தலையில போட்டுக்கொண்டு வயர் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அதைக் கண்டிட்டும் நான் வாய் திறக்கேல்லை. இன்னும் வெக்கமாச் சொன்னால், கொஞ்சம் பெருமையாவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கூஸ்கூஸ் எண்ட தங்கட ஊர்க் கோதுமைச் சாப்பாடு அவிச்சு, தன்னோட வேலை செய்யிற இன்னொரு மொறொக்கோப் பெடியனையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு பெரிய தட்டில எல்லாரும் சேந்து சாப்பிட்டம். அந்தப் பெடியன் தலைக்கவசத்தைக் காட்டி, உது என்ன எழுத்து எண்டு கேட்டான். யாசின் என்னைப் பாத்தார். "அப்பா, நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் வடிவாச் சொல்லுவியள்."

சனம் சுத்தி இருந்து, சொல்லச் சொல்லிக் கேட்டால் நான் என்ன செய்வன்? சொன்னன். அது அரச குடும்பத்து மருமகன்மாருக்கு வைக்கிற பேர். எங்கட பரம்பரையில நாலு பேருக்குத்தான் வைச்சது. கோயிலில பூ கட்டிப் பாத்து, வெள்ளைப் பூ வந்தாப்பிறகுதான் வைச்சன். யாசின் அந்தப் பெடியனுக்கு ஒவ்வொரு வசனமா அரபியில சொல்லிக்கொண்டு வந்தார். நீ கையில இருந்த கரண்டியைத் தட்டில வைச்சாய். டெனிஷில சொன்னாய், "லொய்ன்." பொய். பிறகு அவர் பக்கம் திரும்பி இங்கிலீசில முழுக்கச் சொன்னாய். அழாமச் சொன்னாய். அழைப்பிதழ், பம்பாய், சைவம், எல்லாம்.

யாசின் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். புதினா போட்டு, கேத்திலை உயர்த்திப் பிடிச்சு, எனக்குத்தான் முதல் கிளாஸ் ஊத்தினார். பிறகு தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போனார். நான் குசினி யன்னலால பாத்தன். பெயின்ற் கழுவிற எண்ணெய்யில துணியை நனைச்சு, படியில குந்தியிருந்து தேய்ச்சார். மை லேசில போகேல்லை. கனநேரம் தேய்ச்சார். அம்மா எனக்குப் பக்கத்தில வந்து நிண்டு சொன்னா, "பாருங்கோ. நல்லாப் பாருங்கோ. இதையும் போய்க் கதையாச் சொல்லுங்கோ."

திரும்பி வரேக்க அவர்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டவர். பெட்டியைத் தூக்கி வைச்சிட்டு, எனக்கு விளங்கிறமாதிரி மெதுவாச் சொன்னார். வந்த புதுசில ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை குடுத்தவை, சட்டையில ஜேசன் எண்டு குத்தச் சொன்னவையாம். மாட்டன் எண்டு வெளிக்கிட்டவராம். அந்த வேலை அப்ப அவருக்குத் தேவை. கட்டடத்திலயும் நாளுக்கு நாலு பேர் பிழையாக் கூப்பிடுவினமாம், நாலு பேரையும் திருத்துவாராம். "இந்த நாட்டில எல்லாரும் எனக்கு ஒரு பேர் வைக்கப் பாத்தவை. ஒண்டும் வேண்டாமெண்டனான். நீங்கள் தந்ததை மட்டும்தான் எடுத்தனான், சேர்."

சேர் எண்டார், பிள்ளை. அப்பா எண்டு சொல்லேல்லை. எனக்கு அடிச்சிருக்கலாம்.

நான் அதோடயாவது திருந்தியிருக்க வேணும். இஞ்சை வந்து ரெண்டாம் நாள், கடை வாசலில செல்வி மாமி கேட்டா, "யசோதரன் சுகமோ?" நான் சொன்னன், "ஓம் மாமி, நல்ல சுகம்." வாய் தானாச் சொல்லிச்சுது. காருக்குள்ள வந்து ஏறி, திறப்பைப் போட்டிட்டு, ஸ்ரார்ட் பண்ணாம இருந்தன். ஜொனிக்கு ஓமெண்டு சொல்லிப் பழகின வாய்க்கு எதுக்கும் ஓமெண்டு சொல்ல வரும்.

உனக்கு நான் ஒரு புத்தி சொல்லலாமெண்டால் இதைத்தான் சொல்லுவன். புது ஊரில பிழையாக் கூப்பிடுகிறவைக்கு முதல் நாள் சிரிக்காதை. ஒரு தரம் சிரிச்சால் பிறகு முப்பது வருசம் சிரிக்க வேணும். உன்ர மனிசன் திருத்தித் திருத்திக் களைச்சு வருகிற நாளும் வரும். அண்டைக்கு நீ அவருக்குப் பதிலாத் திருத்து. என்ர பக்கத்தில நிண்டு அம்மா அதைச் செய்யப் பாத்தவ. நான்தான் விடேல்லை.

வாற மாசம் உனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அதை அம்மாவுக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லேல்லை. அம்மா வரலாம், அப்பா வேண்டாம் எண்டு எழுதியிருந்தாய். அம்மா அதை எனக்கு ஒளிக்கேல்லை, கொண்டுவந்து வாசிச்சுக் காட்டினா. ரிக்கற் ஒண்டுதான் போட்டிருக்கு. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குத்தூளும் காயமும் வறுத்து இடிச்சுப் பெட்டியில வைச்சாச்சு. இந்த மலரும் அந்தப் பெட்டியிலதான் வரும்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதேல்லை. மன்னிப்பு எண்டு தொடங்கினால் நான் அதையும் வடிவாச் சோடிச்சு எழுதிப்போடுவன். இதை யாசினுக்கு வாசிச்சுச் சொல்லு. என்னைக் காப்பாத்திற மாதிரி மாத்திச் சொல்லாதை, அம்மா வெட்டி மிச்சம் விட்டதை அப்பிடியே சொல்லு. பேரப்பிள்ளையை நான் எப்ப பாக்கிறது எண்டதை அவர் முடிவெடுக்கட்டும். மாட்டன் எண்டு சொன்னால், அது அவர் சொல்லிப் பழகின சொல், அவருக்குப் பொருந்தும்.

குணம் இதை வாசிச்சிட்டு நேற்று வந்தவர். "அண்ணை, பம்பலா எண்டுதானே கேட்டனான். உதை அப்பிடியே போடவோ? சனம் உங்களைக் கிழிக்கும்."

"போடும்."

"மாப்பிள்ளையின்ர பேரை எண்டாலும் எடுப்பமே?"

"பேரைத்தான், குணம், போட வேணும். மற்றதை வேணுமெண்டால் எடும்."

அம்மா உள்ளை இருந்து, "ஒண்டையும் எடுக்கக் கூடாது" எண்டா. இந்தப் பந்தியில அவ சிவப்புப் பேனையை எடுக்கேல்லை.

கீழ இருக்கிறது மூண்டு வருசத்துக்கு முதல் உங்கள் எல்லாருக்கும் நான் அனுப்பியிருக்க வேண்டிய அழைப்பிதழ். இதுக்கு ஆரும் வெளிக்கிட்டு வரத் தேவையில்லை, விருந்து முடிஞ்சு போச்சு. அண்டைக்குக் கை தட்டின நீங்கள், வாசிக்கிற இடத்தில இருந்தபடி மாப்பிள்ளையின்ர பேரை ஒருக்கா வாய்விட்டுச் சொன்னால் காணும்.

எங்கள் ஏக புத்திரி
ஆரணியையும்,
மொறொக்கோ, கசபிளாங்காவைச் சேர்ந்த
யாசினையும்
வாழ்த்த வாருங்கோ.